சமைக்காத உணவில் உறுதியாக நிற்க முடியவில்லை, மாலையானால் குலைந்துவிடுகிறது

ஈரோட்டு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். உடல் எடையும் மூட்டு வலியும் கூடிக்கொண்டே போனதால், பொங்கலுக்குப் பிறகு முழுமையாகச் சமைக்காத உணவுக்கு மாறினேன். காலையில் வெண்பூசணிச் சாறு ஒரு தம்ளர், பதினொரு மணிக்கு இரண்டு வாழைப்பழம், மதியம் பப்பாளியும் கொய்யாவும் ஒரு தட்டு, இரவு வெள்ளரி, கேரட், தக்காளியுடன் ஒரு கைப்பிடி முளைகட்டிய பச்சைப்பயறும் ஊறவைத்த நிலக்கடலையும் என்பதுதான் என் அன்றாட உணவு. எண்ணெய், தேங்காய், பால், தயிர் ஆகியவற்றை முற்றிலும் நிறுத்திவிட்டேன். எடை நன்றாகக் குறைந்திருக்கிறது. மூட்டு வலியும் தணிந்திருக்கிறது.

சிக்கல் மாலையில்தான் தொடங்குகிறது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவர்களுக்குத் தோசை வார்க்க நான்தான் கல்லின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த மணத்தில் என் உறுதி அத்தனையும் போய்விடுகிறது. ஒன்று என்று தொடங்கி நான்கைந்து தோசைகளைச் சாப்பிட்டுவிடுகிறேன். மறுநாள் அதற்குப் பரிகாரமாகச் சாறு மட்டும் குடித்து ஒரு பொழுதை ஓட்டுவேன். அன்று மாலை இன்னும் மோசமாகக் குலைவேன். உறவினர் வீட்டுத் திருமணங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பந்தியில் ஒன்றும் தொடாமல் எழுந்தால், சம்பந்தி வீட்டாரை அவமதித்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆண்டுக்கணக்கில் இந்த முறையில் இருப்பவர்கள் மனத்தை எவ்வாறு கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதே என் கேள்வி. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். தலைமுடி உதிர்வதும், கைகால்கள் சில்லிட்டுப்போவதும், மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவதும் தொடக்கத்தில் எல்லோருக்கும் வருவனதானா?

தாமிரபரணிக்கரை:

சகோதரிக்கு வணக்கம். நான் அம்பாசமுத்திரம் பக்கத்தைச் சேர்ந்தவன். ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே பெரும்பாலும் சமைக்காத உணவையே உண்டு வருகிறேன். எங்கள் பகுதியில் இது புதிய செய்தியன்று. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சிவசைலத்தில் உள்ள நல்வாழ்வு ஆசிரமத்துக்குச் சென்று திரும்பியவர்கள் வழியாகத் தேங்காயும் வாழைப்பழமும் உணவாகும் என்ற எண்ணம் பல வீடுகளுக்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் 'இயற்கை உணவு' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது முற்றிய தேங்காய்தான்; வெள்ளரியும் கேரட்டும் அதற்குப் பிறகே வரும்.

உங்கள் பட்டியலைப் படித்தவுடன் எனக்குக் கண்ணில் பட்டதும் அதுவே. நீங்கள் தேங்காயை நிறுத்திவிட்டீர்கள்; பழத்தையும் அளந்து வைத்துவிட்டீர்கள்; மீதம் இருப்பது பெரும்பாலும் நீரும் நாரும்தான். சமைத்த உணவில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் செய்த வேலையைச் சமைக்காத உணவில் யாராவது செய்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யக்கூடியவை தேங்காய், நிலக்கடலை, எள், பேரீச்சை, வாழைப்பழம் போன்றவை. அவற்றை விலக்கிவிட்டு மனத்தை மட்டும் அடக்க முயன்றால், மாலையில் தோசைக்கல்தான் வெல்லும். நான் காலையில் வயிறு நிறைய வாழைப்பழமும் ஒரு மூடித் தேங்காயில் பாதியும் உண்கிறேன். மதியம் காய்களோடு ஊறவைத்த கடலையும் தயிரும் சேர்த்துக்கொள்கிறேன். மாலை நான்கு மணிக்கு, அதாவது பசி எடுப்பதற்குச் சற்று முன்னதாகவே, பேரீச்சையும் மீதித் தேங்காயும் எடுத்துக்கொள்கிறேன். அந்த நான்கு மணி உணவை விட்டுவிட்டால் என் உறுதியும் உங்களுடையதைப் போலவேதான் இருக்கும்.

தயிர் என்றதும் தூய இயற்கை உணவாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். ஆனால் தூய்மையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? நம்மில் பலர் 'அடுப்பில்லாச் சமையல்' என்று அவலில் வெல்லம் கலந்து உண்கிறோம். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்த பிறகே அது அவலாகிறது, கரும்புச் சாற்றை மணிக்கணக்கில் காய்ச்சிய பிறகே வெல்லம் கிடைக்கிறது. கடையில் 'பச்சை முந்திரி' என்று விற்பதுகூட, ஓட்டை உடைப்பதற்காக வறுக்கப்பட்டோ ஆவியில் வேகவைக்கப்பட்டோ வந்ததுதான். இவற்றை எல்லாம் உண்டுவிட்டு ஒரு கிண்ணம் தயிருக்காக ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை.

உடல் அறிகுறிகளைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இங்கே உணவியல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பசுமைப்பாதை:

அம்மா, நீங்கள் குறிப்பிடும் முடி உதிர்தலும் குளிர்ச்சியும் நச்சு வெளியேறுவதற்கான அடையாளங்கள். ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கழிவு ஒரு நாளில் போய்விடாது. இந்தக் கட்டத்தில் பயந்து சமைத்த உணவுக்குத் திரும்புகிறவர்கள்தான் தோற்றுப்போகிறார்கள். தோசைக்கல்லை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு மாலையில் மொட்டைமாடியில் நடங்கள். காலையில் வெண்பூசணியோடு சுரைக்காய்ச் சாறும் குடியுங்கள். சற்றுக் கசந்தாலும் விடாதீர்கள், கசப்பு உடலுக்கு நல்லது. தேங்காயைச் சேர்த்தால் குறைந்த எடை திரும்பி வந்துவிடும்.

உணவியலர், கோவை:

மேலே உள்ள பதிவில் ஒரு வரி உயிருக்கே ஆபத்தானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். கசக்கும் சுரைக்காய்ச் சாற்றை யாரும் குடிக்க வேண்டாம். சுரை, வெள்ளரி, பீர்க்கு ஆகிய கொடிக்காய்களில் குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருள் சில வேளைகளில் மிகுதியாக உருவாகும்; கசப்புச் சுவைதான் அது இருப்பதற்கான ஒரே எச்சரிக்கை. சமையலில் ஒரு வாய் கசந்தால் நாமே துப்பிவிடுவோம்; சாறாக்கினால், மருந்து என்ற நினைப்பில் ஒரு தம்ளரையும் மடக்கென்று குடித்துவிடுவோம் என்பதுதான் சாற்றின் தனி ஆபத்து. கடுமையான வாந்தி, இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை சில மணி நேரத்திலேயே ஏற்படலாம். 2010-ஆம் ஆண்டில் டெல்லியில் இதனால் உயிரிழப்பே நேர்ந்தது. அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிபுணர் குழு இதை ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துக் கசந்தால், காயையே எறிந்துவிட வேண்டும்.

இனி ஈரோட்டுச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியுள்ள உணவைக் கணக்கிட்டுப் பார்த்தேன். வெண்பூசணிச் சாறு 30 கலோரிக்கு மேல் தராது. இரண்டு வாழைப்பழம் 200. பப்பாளியும் கொய்யாவும் 400 கிராம் என்று கொண்டாலும் 200. காய்கள் 300 கிராம் 90. 30 கிராம் பயறு முளைத்தால் 100. 30 கிராம் நிலக்கடலை 170. மொத்தம் 800-ஐ எட்டவில்லை. உடலுழைப்புக் குறைந்த பெண்ணுக்கே ஒரு நாளைக்கு 1,660 கலோரி தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. எடை குறைக்க விரும்புகிறவர் அதில் சில நூறைக் குறைத்துக்கொள்ளலாம்; பாதிக்கும் கீழே போனால், உடல் தனக்குரியதை மாலையில் வட்டியோடு கேட்டு வாங்கிவிடும். நான்கைந்து தோசைகள் உங்கள் மன உறுதியின் குறைபாட்டைக் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் சாறு மட்டும் குடிப்பது அந்தப் பற்றாக்குறையை இரட்டிப்பாக்குகிறது. முதலில் நிறுத்த வேண்டியது அந்தப் பரிகாரத்தைத்தான்.

உங்கள் கடைசி வரி எனக்கு உண்மையிலேயே கவலையளித்தது. மாதவிலக்கு தள்ளிப்போவதும் கைகால் சில்லிடுவதும் முடி உதிர்வதும் ஒன்றாக வந்தால், ஆற்றல் பற்றாக்குறையால் உடல் தன் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கியிருக்கலாம் என்றே முதலில் ஐயப்பட வேண்டும். நச்சு நீக்கம் என்று பெயரிட்டு அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் எந்த உணவுமுறையிலும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஜெர்மனியில் நெடுநாள் சமைக்காத உணவை உண்டு வந்த 513 பேரை ஆராய்ந்து 1999-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுமையாகவோ நின்றுபோயிருந்தது. பெண்களில் கால்வாசிப் பேர் இருக்க வேண்டிய எடைக்கும் கீழே இருந்தார்கள். உணவில் சமைக்காத பங்கு எவ்வளவு கூடியதோ அவ்வளவு இந்தப் போக்கும் கூடியது. மாதவிலக்கு நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு குறையும். அது குறைந்தால் எலும்பு மெலியும். தைராய்டு, இரத்தசோகை, கருத்தரிப்பு ஆகிய வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால், இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

பால், தயிர், முட்டை எதையும் தொடாதவர் என்றால் வைட்டமின் பி12 இன்னொரு பொறுப்பு. தாவரங்களில் இருந்து அது கிடைக்காது; சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதாகச் சொல்லப்படுவது நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் சேர்ந்திருக்கும் இருப்பு தீர ஆண்டுகள் ஆகும் என்பதால் தொடக்கத்தில் எந்தக் குறையும் தெரியாது. தெரியும்போது கால் மரத்துப்போதல், மறதி என்று நரம்பில்தான் தெரியும். தாமிரபரணிக்கரை ஐயா சேர்த்துக்கொள்ளும் தயிர் இதில் ஓரளவு உதவும். முழுமையாக விலக்கியவர்களுக்கு மாத்திரை கட்டாயம்.

இந்த முறையில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. காய்கனி மிகுந்த உணவால் எடை குறைகிறது, மலச்சிக்கல் தீர்கிறது, அதே ஜெர்மானியக் குழுவினரின் தொடர் ஆய்வில் கெட்ட கொழுப்பும் குறைவாகவே இருந்தது. வைட்டமின் சி போன்றவை வெப்பத்தில் வீணாவது உண்மை. அதே வேளையில், தக்காளிக்கும் கேரட்டுக்கும் நிறம் தரும் சத்துகளான லைகோப்பீனும் பீட்டா கரோட்டினும் வெந்த பிறகே உடலில் நன்றாகச் சேரும். கீரையில் உள்ள, சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கக்கூடிய ஆக்சலேட் என்னும் பொருள் வேகவைத்து நீரை இறுத்தால்தான் குறையும். மரவள்ளி, சேனை, சிவப்புக் காராமணி, ராஜ்மா ஆகியவற்றைப் பச்சையாக உண்ணவே கூடாது. அடுப்பு நமக்குப் பகை என்ற எண்ணத்தோடு தொடங்கினால் இந்த வேறுபாடுகள் கண்ணில் படாமல் போய்விடும்.

ஈரோட்டு வாசகி:

விரிவாகப் பதிலளித்த மூவருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கிவிட்டேன். சாறு மட்டும் குடிக்கும் பழக்கத்தையும் நிறுத்திவிடுகிறேன். இருந்தாலும் இரண்டு ஐயங்கள் நிற்கின்றன. தேங்காயைச் சேர்த்தால் கொழுப்பு கூடாதா? முளைகட்டிய பயறுதான் எனக்குப் பிடித்த உணவு, அதைக் கூட்டிக்கொள்ளலாமா? மேலும், இரவில் பிள்ளைகளோடு அமர்ந்து இரண்டு தோசை சாப்பிட்டால் அது இயற்கை உணவைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற குற்றவுணர்வு என்னை விட்டுப் போக மறுக்கிறது.

மாம்பலத்து வாசகர்:

உங்கள் கடைசி ஐயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். 1929-இல் காந்தியடிகள் சமைக்காத உணவுச் சோதனையைத் தொடங்கினார். முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் என்று அளவு போட்டு உண்டு, அதைப் பற்றித் தம் 'யங் இந்தியா' இதழில் எழுதினார். தம்மோடு சேர விரும்பியவர்களையும் அழைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு கண்டு, சோதனையை விட்டு ஆட்டுப்பாலுக்கே திரும்ப நேர்ந்தது. அதையும் அவர் மறைக்காமல் அதே இதழில் எழுதினார். உறுதிக்குப் பெயர் போனவர் ஒருவர் உடல் சொன்னதைக் கேட்டுத் திரும்பியதை யாரும் இன்று அவருடைய தோல்விப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் நானும் மனைவியும் மாலை வரை சமைக்காத உணவு, இரவு எல்லோரோடும் ஒரு வேளை சமைத்த உணவு என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். இதனால் சமையலறையில் சண்டை இல்லை. பிள்ளைகளுக்கு அம்மா மட்டும் தனித் தட்டோடு உட்காரும் காட்சியும் இல்லை. பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அந்தக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் மனைவியின் கருத்து. தாய் உணவைக் கண்டு அஞ்சுவதை அவர்கள் நாம் நினைப்பதைவிட விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

திருமணத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே தேங்காயும் பழமும் உண்டுவிட்டுப் போங்கள். பசியோடு பந்தியில் உட்காருபவருக்கு எந்தக் கொள்கையும் துணைக்கு வராது. இலையில் வாழைப்பழமும் தயிர்ப் பச்சடியும் கோசுமல்லியும் எப்படியும் இருக்கும். கோசுமல்லியில் தாளித்த கடுகு இருக்கிறதே என்று அங்கே ஆராய வேண்டாம். பாயசத்தில் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டால், உபசரித்தவரின் மனமும் நிறையும். கேட்பவர்களுக்கு உணவுமுறையை விளக்கத் தொடங்குவதுதான் பெரும் தொல்லை. 'மருத்துவர் அளவாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்' என்ற ஒரு வரிக்கு நம் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

பசுமைப்பாதை:

கசப்பு சுரைக்காயைப் பற்றி உணவியலர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பாதிச் சமையல், பாதி இயற்கை என்று இருப்பவர்கள் படிப்படியாகப் பழைய உணவுக்கே போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லை தெளிவாக இருந்தால்தான் பலருக்கு நிற்க முடியும்.

உணவியலர், கோவை:

எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். 'மாலை வரை பச்சை, இரவு ஒரு வேளை சமைத்தது, அதில் எண்ணெயும் உப்பும் அளவோடு' என்பதும் தெளிவான எல்லைதான். அதில் உடலுக்கு வேண்டிய ஆற்றலும் வந்துவிடுகிறது என்பதால் நீடிக்கும் வாய்ப்பு கூடுதல். அரசு இயற்கை மருத்துவமனைகளில்கூடக் காய்கனி உணவும் சாறு உணவும் நோயாளியைக் கண்காணித்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கப்படுகின்றன. அவற்றை வாழ்நாள் முழுவதற்குமான விரதமாக நீட்டிக்கொள்வது நம் சொந்த ஆர்வத்தால் வருவது.

தேங்காய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு மூடியில் 150 கிராம் பருப்பு இருந்தால் 500 கலோரிக்கு மேல் கிடைக்கும். அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதும் உண்மை. எனவே முழுப் பாரத்தையும் தேங்காயின் மேல் ஏற்றாமல், கால் மூடித் தேங்காய், ஒரு கைப்பிடிக்குச் சற்று அதிகமான நிலக்கடலை, இரண்டு தேக்கரண்டி எள், நான்கைந்து பேரீச்சை என்று பகிர்ந்துகொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலையை ஊறவைக்கும் முன்பே பொறுக்கி எறிந்துவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது இரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டு, கொழுப்பு அளவு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தேங்காய் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை அடுத்த பரிசோதனை காட்டிவிடும்.

முளைகட்டிய பயறைக் கூட்டலாம்; ஆனால் ஆவியில் சில நிமிடங்கள் வைத்தே உண்ணுங்கள் என்பது என் பரிந்துரை. பயறு முளைக்கத் தேவையான வெப்பமும் ஈரமும்தான் கிருமி பெருகவும் தேவை. விதையிலேயே கிருமி இருந்தால் மேலே கழுவிப் பயனில்லை. 2011-இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கருவுற்றவர்கள், முதியவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்குப் பச்சை முளைப்பயறு கொடுக்கவே வேண்டாம். முட்டைக்கோசையும் கீரையையும் இதழ் இதழாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவுங்கள். நாடாப்புழு முட்டைகள் அவற்றோடு வரக்கூடும்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று இந்த உணவுக்கு மாறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். மருந்தின் அளவை மருத்துவர் முதலில் திருத்தியாக வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியமே இதயத்தைப் பாதிக்கும் அளவுக்கு ஏறிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரைச் சாற்றை நினைத்தபடி கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஈரோட்டுச் சகோதரி, மாதவிலக்கு சீராகும் வரை எடையைக் குறைக்கும் முயற்சியை நிறுத்தி வையுங்கள். நான்கு மணிக்குப் பேரீச்சையும் தேங்காயும், இரவு பிள்ளைகளோடு இரண்டு தோசையும் பருப்பு மிகுந்த சாம்பாரும் என்று இப்போதைக்கு வைத்துக்கொண்டு, பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள்.